புல்லாங்குழலுக்குக் கத்தும் கோழிகள்

உன்னத ஒலிச் சங்கத்தின் மாடிப்படியில் சின்னண்ணன் ஏறிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு பல் உருண்டு வந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் பின்னாலேயே வந்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "கூட்டம் ஆரம்பிச்சிருச்சுங்க, சீக்கிரம் போங்க" என்று மரியாதையாகச் சொன்னார். குனிந்து பல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சின்னண்ணனுக்குப் பின்னால் நான் ஏறிக்கொண்டிருந்தேன். எருமப்பட்டியில் தீவனக் கடை வைத்திருக்கிறேன். அவருடைய கோழிப்பண்ணைக்கு என் கடைத் தீவனம்தான். துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டு கேட்பதற்கு எதற்குய்யா துணை என்று வழியெல்லாம் சலித்துக்கொண்டு வந்தவன், பல்லைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். வாய் மூடியிருந்தால் பல் பத்திரம் என்ற யோசனையும் அதில் இருந்தது.

விஷயம் சின்னதுதான். எங்கள் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் கொட்டாய்க்குள் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். வெடிச்சத்தம், லாரி ஹாரன் என்று திடீரென எது கேட்டாலும் கோழி மிரண்டுவிடும். மிரண்ட கோழி முட்டையைக் குறைத்துவிடும். எந்நேரமும் காதில் பாட்டு இருந்தால் அந்த மிரட்சி வராது. சின்னண்ணன் மனைவி வசந்தாமணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டாயில், தகர ஸ்பீக்கரில், கோழிக்கென்று போட்ட பாட்டைத்தான் கேட்டு வந்தவர். அதில் ஒரு மழைப் பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அதில் ஒரு புல்லாங்குழல் வரும். வரும் என்று சொல்வார்களே தவிர, வசந்தாமணி கேட்டதில்லை. குழல் தொடங்கிய கணத்தில் கொட்டாயின் அத்தனை கோழியும் கழுத்தை நீட்டிக் கத்தும். அவை ஓய்வதற்குள் சரணம் வந்துவிடும்.

இந்த மாசியில் வசந்தாமணிக்கு இடது காது போய்விட்டது. வலதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது, தீபாவளி வரை தாங்கினால் பெரிது என்று சேலத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். திரும்பி வரும்போது வசந்தாமணி அழவில்லை. ராசிபுரம் தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்க, அந்தப் புல்லாங்குழல ஒரே ஒரு தடவ, கோழிச் சத்தமில்லாம முழுசாக் கேக்கோணுங்க."

அடுத்த வாரமே சின்னண்ணன் வீட்டில் ஆம்ப்ளிபயரும் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் வந்து இறங்கின. செல்போனில் போட்டுக் காதோரம் பிடித்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அவ எங்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதானுங்க. அதையுமா டப்பாச் சத்தத்துல குடுக்கறது?" என்றார்.

பெட்டிகளை இறக்கிய கடைக்காரன் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னான். "பாட்டை எல்லாம் அடுக்கி வெச்சு ஓட்டறதுக்கு ஒரு சாப்ட்வேர் வேணுமுங்க. அத நாங்க சொல்லக்கூடாது, சங்கம்தான் சொல்லோணும். சங்கம் கை காட்டாததப் போட்டீங்கன்னா வாரண்டி கெடையாதுங்க."

அப்படித்தான் நாங்கள் அந்த மாடிப்படிக்கு வந்து சேர்ந்தோம்.

சங்கம் நாமக்கல்லில் ஒரு லாரிப் பாடி கட்டும் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. உறுப்பினரில் பாதிப்பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளிகள். மீதிப்பேர் வெண்ணந்தூர், அம்மாபேட்டைப் பக்கத்து விசைத்தறி முதலாளிகள். சம்பாதித்து ஓய்ந்தபின் ஆளுக்கொரு பாட்டுப் பெட்டி வாங்கி, அதைக் கேட்பதை விட்டுவிட்டு அதற்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். ரிக்காரர்கள் ஏற்ற சாப்ட்வேர் 'சுரவாகினி'. தறிக்காரர்கள் ஏற்றது 'நாதமஞ்சரி'. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். பாட்டைத் தேடி எடுத்து ஓடவிடும்.

வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டி. பைப் கழற்றும் ரிஞ்சு, சுத்தியல், தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எழுதியிருந்தது. பெட்டி காலியாகத்தான் இருந்தது.

தலைவர் ஜெகதீஸ்வரன் ரிக் கட்சி. ஏழெட்டு மாநிலத்தில் குழி போட்டவர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று பேசத் தொடங்கினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"புதுசா வந்தவிய தெரிஞ்சுக்கோணும். காதுன்னா என்ன? பதப்படுத்தோணுங்க. நான் முப்பது வருசம் கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னவன். இன்னிக்கு என் காதுக்குள்ள சாதாரணச் சத்தம் எதுவும் வராது. பொண்டாட்டி கூப்புட்டா வராது, போன் அடிச்சா வராது. தரமான சத்தம் மட்டுந்தான் உள்ள வரும். அப்படி வாரது சுரவாகினி ஒண்ணுதானுங்க."

ரிக்காரர்கள் கைதட்டினார்கள். தலைவர் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டுக் காட்டியதும் கும்பிட்டார்.

செயலாளர் பாலசுந்தரம் தறிக் கட்சி. வெண்ணந்தூரில் அவருக்குப் பெரிய தறிப்பட்டறை. அவர் எழுந்து சின்னண்ணன் வாயையே உற்றுப் பார்த்தபடி பேசினார்.

"தறி ஓடற எடத்துல யாரு பேசறதும் யாருக்கும் கேக்காதுங்க. ஒதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவோம். எங்க பரம்பரைக்கே சங்கீதம் கண்ணுல இருக்குது. நாதமஞ்சரியில பாட்டு ஓடறப்ப வரியும் சேந்து ஸ்கிரீன்ல ஓடும். அதப் பாத்தாலே போதும், பாடினவனுக்குச் சளியா இல்லையான்னு சொல்லிருவேன்."

சின்னண்ணன் கும்பிட்டபடியே எழுந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. ரெண்டுலயும் வாரது ஒரே பாட்டுத்தானுங்களே? ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டீங்கன்னா எங்கூட்டுல அவ கேட்டுக்குவா."

இதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஒரே பாட்டா?" என்று ரிக் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி பறந்தது. சின்னண்ணனைக் குறி பார்த்தது, தறிக்காரர் ஒருவரின் மூக்கில் விழுந்தது. மூக்குடைந்தவர் எதிர்வரிசைக்காரரின் கழுத்தைக் கடித்தார். பைப் ரிஞ்சு வெளியே வந்தது. ஒருவர் இன்னொருவரைத் தரையில் கிடத்தி, மார்பில் ஏறி உட்கார்ந்து, காதுக்குள், "சத்தத்துல பேஸு தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினார். கீழே கிடந்தவர், "கேக்கலைங்க, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

பிறகு டீ வந்தது. ரத்தம் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். சங்கத்துக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது.

கூட்டம் ஒரு முடிவுக்கும் வந்தது. சின்னண்ணன் வீட்டிலேயே இரண்டு சாப்ட்வேரையும் ஓட்டி நேருக்கு நேர் சோதிப்பது. அதற்கு முன்னால் அவரிடம் இருக்கும் பாட்டுகளைச் சுத்திகரிப்பது. எப்போது என்று சின்னண்ணன் கேட்டார். மூக்கு ஆறட்டும் என்றார்கள். மூக்கு ஆறுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. அதில் ஒரு தோள்பட்டை இறங்கியது. சித்திரை போனது, வைகாசி போனது. வசந்தாமணியிடம் பேச வேண்டுமானால் வலப்பக்கம் போய் நின்று பேச வேண்டியதாகிவிட்டது.

ஆனியில் மோகனப்பிரியா வந்தார். சங்கத்தின் பாட்டு நூலக ஆய்வாளர், அம்மாபேட்டைக்காரர். கண்ணாடி போட்டு, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். கொட்டாயிலிருந்து பென்டிரைவைக் கழற்றிவரச் சொல்லி, தன் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார்.

"இது என்ன பாட்டு?"

"அது தாலாட்டு மாதிரி ஒண்ணு வருமுங்க" என்றார் சின்னண்ணன்.

"மாதிரியா? பாடினது யாரு? எந்த வருசம்? மெட்டுப் போட்டது யாரு? ஒண்ணும் இல்ல. 'ட்ராக் ஏழு'ன்னு இருக்குது. அப்பன் பேர் தெரியாத பாட்டை நம்ம சாப்ட்வேர்ல ஏத்த முடியாதுங்க. சங்கத்துல இதுக்கு அனாதைப் பாட்டுன்னு பேரு."

"பேரு தெரியாட்டி என்னங்க, பாடுமில்லீங்களா?"

"எல்லாந்தான் பாடும். ஒழுங்கு வேணாமா? நான் ஒரு பாட்டை முழுசாக் கேட்டுப் பல வருசமாச்சு. கேக்க நேரமேது? எல்லாத்துக்கும் பேர் வெக்கிறதுக்கே சரியாப் போகுது."

அனாதைகளை ஒவ்வொன்றாக அழித்தார். வசந்தாமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாய்ந்துபோய்ப் பென்டிரைவைப் பிடுங்கினார். மோகனப்பிரியா அவர் மணிக்கட்டைத் திருகினார். வளையல் உடைந்து சதையில் ஏறியது. வசந்தாமணி அவருடைய கொண்டையைப் பிடித்தார். இரண்டு பெண்களும் சமையலறைவரை உருண்டார்கள். கடைசியில் மோகனப்பிரியா எழுந்து, தலைமுடி கலைந்த கோலத்தில், கொஞ்சமும் கோபமில்லாமல், பென்டிரைவை அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கினார். விதிப்படி மூலப்பிரதி இருக்கக் கூடாதாம்.

"ஒண்ணே ஒண்ணு தேறிச்சுங்க. ஒரு மழைப் பாட்டு. அதுக்கு மட்டும் எல்லா விவரமும் இருந்துச்சு. ரெண்டு சாப்ட்வேர்லயும் ஏத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வசந்தாமணி மணிக்கட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போனாப் போச்சாதுங்க. அது ஒண்ணு இருந்தாப் போதும்" என்றார். சின்னண்ணன் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். ஒரு கோழியைக்கூடத் தன் கையால் அறுக்காதவர் அவர். வரப்பில் நின்று மண்வெட்டியால் வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டே இருந்தார்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சங்கம் வேன் பிடித்து வந்து இறங்கியது. இட்லி, குடல்குழம்பு எல்லாம் முடிந்தது. எந்த சாப்ட்வேரை முதலில் ஓட்டுவது என்பதில் வாசலிலேயே ஒருவருக்கு மண்டை உடைந்தது. இரண்டாவதாக ஓட யாரும் சம்மதிக்கவில்லை. ஆகவே, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது என்று தீர்மானித்தார்கள். ஜெகதீஸ்வரன் தன் போனில் சுரவாகினியையும், பாலசுந்தரம் தன் போனில் நாதமஞ்சரியையும் ஆம்ப்ளிபயரோடு இணைத்து ஒரே நொடியில் அழுத்தினார்கள்.

வசந்தாமணியை ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார வைத்திருந்தோம். புதுச்சேலை கட்டியிருந்தார். வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு போன் சொல்வதைக் கேட்டு ஆடலாம், இரண்டு போன் இழுத்தால் என்ன செய்யும் அந்தப் பெட்டி? பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. இரண்டு போனின் திரையிலும் பாட்டு ஓடியது, வரிகள் நகர்ந்தன. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை.

ஜெகதீஸ்வரன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "அடடா, பேஸு நெஞ்சுல வந்து உக்காருது" என்றார். பாலசுந்தரம் திரையைப் பார்த்துக் கண் கலங்கினார். "குரல்ல என்ன ஒரு ஈரம்!" ரிக்காரர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். தறிக்காரர்கள் வேறொரு தாளம் போட்டார்கள். மோகனப்பிரியா மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தார். நான் என் காதைச் சுண்டுவிரலால் குடைந்து பார்த்தேன். இத்தனை பெரிய மனிதர்கள் கேட்கும்போது நமக்கு மட்டும் கேட்கவில்லை என்று எப்படி வாயைத் திறப்பது?

வசந்தாமணி கண்ணைத் திறந்தார். ஆடும் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குவித்த கையை மெல்ல இறக்கினார். முகம் அப்படியே உடைந்தது.

"முடிஞ்சு போச்சுங்க" என்றார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல. வலதும் போச்சுங்க."

அந்த அழுகையை நான் மறக்க மாட்டேன். தன் சத்தமும் தனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, வாயை விட்டு அழுதார்.

சின்னண்ணன் அவர் முன்னால் மண்டியிட்டார். வலது காதோரம் குனிந்து கேட்டார். "ஏம்புள்ள, கொட்டாயில கோழிச் சத்தம் கேக்குதா?"

வசந்தாமணி விசும்பலை நிறுத்திக் கவனித்தார். "கேக்குதுங்க. எப்பவும்போலக் கொக்கரிச்சுட்டு இருக்குது."

"கழுத்த நீட்டிக் கத்துதா?"

"இல்லீங்க."

சின்னண்ணன் எழுந்து நின்றார். "பாட்டு ஓடலைங்க" என்றார். யாரும் திரும்பவில்லை. போய்த் தலைவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாட்டு ஓடலைங்க! திரையில பாருங்க, புல்லாங்குழல் தாண்டிப் போயிருச்சு. புல்லாங்குழல் வந்தா எங்க கோழிக கத்துமுங்க. கத்தல. அதனால பாட்டு ஓடல."

அறை அமைதியானது. அதுவரையிலும் அமைதிதான், இப்போது எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள். ஜெகதீஸ்வரன் எழுந்தார்.

"எங்களவிடக் கோழிக்குக் காது ஒசத்தியா?" என்றார். "சரி, ஓட்டெடுப்பு எடுக்கலாமுங்க. பாட்டு ஓடுச்சுன்னு சொல்றவிய கையத் தூக்குங்க."

சங்கத்தின் எல்லாக் கையும் உயர்ந்தது. தறியும் ரிக்கும் முதல்முறையாக ஒன்றுபட்ட தருணம் அது.

தலைவர் வசந்தாமணியிடம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "உங்களுக்குத்தான் காது போயிருச்சுங்கம்மா. அத ஒத்துக்கோங்க. சங்கத்து மேல பழி போடாதீங்க."

சின்னண்ணன் அடித்தார். செவுளோடு சேர்த்து, காது மேல், உள்ளங்கை முழுசும் பதிய ஒரே அறை. வரப்பில் கொத்திய மண்ணெல்லாம் அந்தக் கையில் இருந்தது. ஜெகதீஸ்வரன் சுழன்று சுவரில் மோதி, மறுகாது பட விழுந்தார்.

பிறகு நடந்ததற்கு வரிசை கிடையாது. தலைவரை அடித்தது தறிக்காரன்தான் என்று ரிக்காரர்கள் முடிவு கட்டினார்கள். ரிஞ்சு ஒரு முட்டியைப் பெயர்த்தது. இரும்பு முனை வைத்த தறி நாடா ஒன்று என் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போனது. மூலையில் அடுக்கியிருந்த முட்டைத் தட்டுகள் பறந்தன. மஞ்சள்கருவும் ரத்தமும் கலந்த தரையில் பெரிய மனிதர்கள் வழுக்கி வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடைத்த காலைக் கடித்தார்கள். மோகனப்பிரியா யாருக்கு எத்தனை அடி என்று குறித்துக்கொண்டிருந்தார். பாலசுந்தரம் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி ஆம்ப்ளிபயர் மேல் போட்டார். பச்சை விளக்கு அணைந்தது.

பெட்டி செத்ததும் அவர் கையிலிருந்து விழுந்த போன் தன் வாயாலேயே, முதலிலிருந்து பாட ஆரம்பித்தது. டப்பாச் சத்தம். மழை, தம்புரா போல ஏதோ, பிறகு குரல். சங்கத்தில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

வசந்தாமணிக்குக் கேட்டது. கால்களுக்கு நடுவே தவழ்ந்துபோய்ப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "பாடுதுங்க!" என்று கத்தினார். "ஆனா இவிய சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. கோழியே தேவலாமுங்க."

சின்னண்ணன் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கதவை வெளியே தாழ்போட்டார். வாசலில் முட்டை வேன் நின்றது. மூன்று பேரும் முன்சீட்டில் ஏறினோம். சின்னண்ணன் கண்ணாடிகளை ஏற்றினார்.

சத்தமெல்லாம் நின்றுபோனது. எதிரே வீட்டு ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. வாய்கள் பிளந்தன, நாற்காலி ஏறி இறங்கியது, கண்ணாடியில் ஒரு ரத்தக் கை பதிந்து வழுக்கியது. ஒன்றுக்கும் ஓசையில்லை. போனில் முதல் சரணம் முடிந்தது. புல்லாங்குழல் வந்தது.

நீளமான குழல் அது. தயங்கித் தயங்கி ஏறி, உச்சியில் ஒரு இடத்தில் நின்று, இறங்க மனமில்லாமல் இறங்கியது. வசந்தாமணி மூச்சு விடவில்லை. சரணம் தொடங்கியபின்தான் திரும்பினார்.

"இதுக்குத்தானுங்களா அந்தக் கோழிக அந்தக் கத்துக் கத்துச்சு?" என்றார். "கத்தாம என்ன பண்ணும்?"

சின்னண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

அன்று இரண்டு ஆம்புலன்ஸ் போதவில்லை, என் தீவன வண்டியையும் கேட்டு வாங்கினார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. இரு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்ததாக நம்பின. அன்றைய சோதனையில் இரண்டு சாப்ட்வேரும் அப்பழுக்கில்லாமல், சமமாக ஒலித்ததாகச் சங்கம் தீர்மானம் போட்டது. ஜெகதீஸ்வரனுக்கு மிச்சமிருந்த காதும் சின்னண்ணன் விட்ட அறையோடு போய்விட்டது. எந்த ஓசையும் இடைஞ்சல் செய்யாத ஒரே காது என்பதால் அவரை ஆயுட்காலத் தலைமை நடுவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாலை போட்டபோது மேளமும் வைத்தார்களாம்.

புரட்டாசியில் வசந்தாமணியின் வலது காதும் போய்விட்டது. டாக்டர் சொன்ன தீபாவளிவரைகூடத் தாங்கவில்லை.

பாலசுந்தரத்தின் போனைச் சின்னண்ணன் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கொட்டாய் ஸ்பீக்கரில் மாட்டிவிட்டார். இருக்கும் ஒரு பாட்டுத்தான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. தீவனம் இறக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கழுத்தை நீட்டினால், வசந்தாமணி முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்பார். அவை கழுத்தை மடக்கும்வரை நிற்பார். அதுவரைக்கும் சின்னண்ணன் அவரை எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லை.